கிழக்கே போய்ப் பார்த்த பிறை

வானத்தைப் பார்ப்பதென்றால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். பிறந்த ஊர் அப்படி. தொண்டிக்குப் பக்கத்தில் வடகடல் என்று நாங்கள் சொல்லும் கிழக்குக் கரைக் கடல் ஓரமாக ஒரு சின்ன ஊர். முன்னால் கடல், பின்னால் பொட்டல், அங்கங்கே பனை. கண்ணை மறிக்க ஒரு மேடுகூடக் கிடையாது. மார்கழியில் கழியில் பூநாரைகள் வந்து இறங்கினால் நானும் தம்பியும் பள்ளிக்கூடத்தை மறந்து நிற்போம். சில மாதங்களில் இருட்டியபின் அலை உடைகிற இடமெல்லாம் நீலமாக மினுங்கும். தண்ணீரைக் காலால் எத்தினால் கால் சுற்றிலும் வெளிச்சம் தெறிக்கும். பாவாடை நனைந்ததற்கு அம்மாவிடம் அடி வாங்குவது தனிக்கதை.

எல்லாவற்றுக்கும் மேலே எங்களுக்குப் பிறைதான். நோன்பு இருபத்தொன்பது முடிந்த மாலையில் ஊரே மொட்டைமாடிக்கு ஏறும். பனைகளுக்குப் பின்னால் சூரியன் இறங்கியதும் யார் முதலில் பார்ப்பது என்று எனக்கும் அவனுக்கும் போட்டி. பார்த்தவர் "அந்தா" என்று கத்தவேண்டும். தோற்றவர் மறுநாள் பெருநாள் காலையில் தன் பங்கு வட்டிலாப்பத்தை ஜெயித்தவருக்குக் கொடுத்துவிடவேண்டும். தேங்காய்ப்பாலும் முட்டையும் கருப்பட்டியும் சேர்த்து அம்மா அவிக்கும் அதை விட்டுக்கொடுப்பது லேசான காரியம் இல்லை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையாவது அவன் அழுவான். நானும் அழுதிருக்கிறேன், வெளியே தெரியாமல்.

பிறகு என்னைச் சின்னமனூரில் கட்டிக்கொடுத்தார்கள். பஸ் தேனியைத் தாண்டியதுமே எனக்கு மூச்சு முட்டிவிட்டது. கிழக்கே மலை, மேற்கே மலை, தெற்கே போனால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். மேற்கே பார்த்தால் ஊருக்கே காம்பவுண்டுச் சுவர் எழுப்பியது மாதிரி இருந்தது. இங்கே சூரியன் எப்போது மறையும் என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். மலைக்குப் பின்னால் போனால் மறைந்ததாகத்தானே அர்த்தம் என்றார். இப்படிப்பட்ட ஆளோடு எப்படிக் காலம் தள்ளுவது என்று அன்றைக்கே யோசித்தேன்.

அவர் நல்ல மனிதர். மேகமலை எஸ்டேட்டுகளுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் ஏற்றிப்போய்க் கொடுக்கிற வியாபாரம். பழைய ஜீப் ஒன்று இருந்தது. கண்ணில் தடித்த கண்ணாடி. கடையில் யாராவது சர்க்கரை ஈரமாக இருக்கிறது என்று சொன்னால்கூட, தொட்டுப் பார்க்காமல் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லமாட்டார். பஜாரில் இது மரியாதை. வீட்டில் எனக்கு இது பெரிய இம்சை.

ஏனென்றால் அந்தப் பள்ளத்தாக்கு, நான் பயந்ததற்கு மாறாக, ஒவ்வொரு மாதமும் ஒரு வேடிக்கையை அவிழ்த்து விட்டுக்கொண்டே இருந்தது. தை மாதம் சோளக்காட்டுக்கு மேலே சூறைக்குருவிகள் கூட்டமாகச் சுழன்று, சுருண்டு, விரிந்து, ஒரு போர்வையை யாரோ உதறுவது போலப் பறக்கும். நான் மாடியிலிருந்து கத்துவேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியேறி வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "எங்க?" என்பார். அதற்குள் குருவிகள் புளியமரத்துக்குள் அடைந்திருக்கும். மாசியில் முள்ளிலவு இலையெல்லாம் உதிர்த்துச் சிவப்பாகப் பூத்து நிற்க, மைனாக்கள் பூவுக்குள் தலையை விட்டுத் தேன் குடித்துச் சண்டை போடும். "எங்க?" பங்குனியில் மேற்கு மலையில் புல் எரியும், ராத்திரி அந்த நெருப்புக் கோடு மெல்ல ஏறும். "எங்க?" அது நெருப்பாக இருக்கலாம், எஸ்டேட் விளக்காகவும் இருக்கலாம் என்று சொல்லிவிட்டுக் கீழே போய்விடுவார். சித்திரை மழைக்கு மறுநாள் ஈசல் கிளம்பி வீட்டு விளக்கையெல்லாம் மூடியபோது மட்டும், சட்டைக்குள் புகுந்ததால், ஒப்புக்கொண்டார்.

எனக்குக் கோபம் வரும். அழகான ஒன்றைத் தனியாகப் பார்ப்பது எனக்குப் பார்த்த கணக்கிலேயே சேராது. தம்பி பக்கத்தில் இருந்தால் நான் வாயைத் திறப்பதற்குள் பார்த்திருப்பான்.

பிறை விஷயத்தில் அந்த ஊர் இன்னும் மோசம். இருபத்தொன்பதாம் நாள் மாலை ஆண்கள் கூட்டமாக மேற்கே ஆற்றங்கரை மேட்டுக்குப் போவார்கள். பிறை மேற்கேதான் தெரியும், ஆகவே மேற்கே எவ்வளவு தூரம் போகமுடியுமோ அவ்வளவு தூரம் போவது நல்லது என்பது அவர்கள் கணக்கு. போய் நின்று, கழுத்து வலிக்கப் பார்த்துவிட்டு, "மல முழுங்கிருச்சு" என்று சொல்லித் திரும்புவார்கள். பெரும்பாலும் முப்பது நோன்பும் முழுசாக நோற்ற பிறகுதான் எங்களுக்குப் பெருநாள். ரேடியோவில் வேறு ஊர்ச் செய்தி வந்தாலும் எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத் ஏற்கமாட்டார். இந்தப் பள்ளத்தாக்குக்குள் பார்த்திருக்கவேண்டும். மேகமூட்டமான நாளென்றால் இரண்டு ஆண்களாவது கண்ணால் கண்டதாகச் சாட்சி சொல்லவேண்டும். கடற்கரையில் தம்பி பெருநாள் கொண்டாடிக்கொண்டிருக்கும்போது நான் இங்கே நோன்புக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருப்பேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வைகாசி. எஸ்டேட்டுக்குச் சரக்குக் கொண்டுபோன ஜீப்பில் நானும் தொற்றிக்கொண்டேன். திரும்பும்போது இருட்டத் தொடங்கிவிட்டது. கொண்டை ஊசி வளைவுகளில் மரங்களெல்லாம் மின்மினி. ஒரு மரம் முழுக்க ஒன்றாக எரிந்து ஒன்றாக அணையும். அதைப் பார்க்க ஜீப்பை நிறுத்தச் சொன்னேன். அவர் வழக்கம்போல மின்மினியைத் தேடிக்கொண்டிருக்க, நான் எதிரே பார்த்துத் திகைத்துப்போனேன். மேற்கு மலை எங்கோ கீழே கிடந்தது. அதற்கு மேலே வானம், எங்கள் கடற்கரை வானம் போல அகலமாகத் திறந்திருந்தது. அதில் வெள்ளி, அந்த மாலை நட்சத்திரம், சாவகாசமாக நின்றுகொண்டிருந்தது. ஊருக்குள் எங்கள் மாடியில் இருந்து பார்த்தால் அந்த நேரத்துக்கு அது மலைக்குப் பின்னால் போய்விட்டிருக்கும். பல நாள் பார்த்துவைத்தது எனக்கு மனப்பாடம்.

அந்த இடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றால் சுவர்தான் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் பார்க்க எதிர்வீட்டு மாடிக்குப் போகவேண்டும். இந்த ஊர்க்காரர்கள் வருஷாவருஷம் பிறை பார்ப்பதற்காக மலையின் காலடிக்கே போய் நிற்கிறார்கள். ஜீப்பிலேயே கைகொட்டிச் சிரித்தேன். எதற்குச் சிரிக்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். "இருக்கலாம்" என்றார்.

அதே வருஷம் ஆனி மாதத்தில் நோன்பு. நோன்பின் கடைசி வாரத்தில் தம்பி வந்து இறங்கினான். அவனுக்குத் துபாயில் வேலை கிடைத்திருந்தது. விசா முடியும் நாளுக்குள் போய்ச் சேரவேண்டும்; டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அம்மா முன்பே போய்விட்டார். என்னைக் கட்டிக்கொடுத்த மறுவருஷம் அத்தாவும் மௌத்தாகிவிட, எனக்கு அவனும் அவனுக்கு நானும் மட்டும்தான் மிச்சம். கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் சேர்ந்து ஒரு பெருநாள்கூட இருந்ததில்லை. அவன் புறப்படவேண்டியது இருபத்தொன்பதாம் நோன்புக்கு மறுநாள் மதியம், மதுரை பஸ்ஸில். பிறை தெரிந்தால் அன்று காலை பெருநாள். தொழுது, சாப்பிட்டு, என் கையால் அனுப்பிவைப்பேன். தெரியாவிட்டால் முப்பதாம் நோன்பை வயிற்றில் வைத்துக்கொண்டு, பெருநாளை, விமானம் ஏற வடக்கே போகிற ரயிலில் எங்கோ ஆந்திராப் பக்கம் கழிப்பான். இரண்டு வருஷத்துக்குத் திரும்பி வரமுடியாது.

ஆனியில் அந்தப் பள்ளத்தாக்கின் மேற்கு மலையைப் பார்க்கவேண்டும். அந்தப் பக்கம் கேரளத்தில் மழை கொட்டும். மேகம் உச்சியைத் தாண்டிப் பால் பொங்கி வழிவது போல இந்தப் பக்கம் வழியும். பாதி மலை இறங்குவதற்குள் காணாமல் போய்விடும். மழை அங்கன, காற்று மட்டும் இங்கன என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். திராட்சைப் பந்தல் சடசடக்கும், காயப்போட்ட துணி அடுத்த தெருவில் கிடைக்கும். எப்போதாவது ஒரு சாரல் காற்றோடு வந்து முகத்தில் ஊசி போடும். இருபத்தொன்பதாம் நாள் காலையிலிருந்து அந்த வழியும் மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு மேகத்தில் அங்கங்கே கிழிசல் விழ ஆரம்பித்தது. எனக்கு உட்காரமுடியவில்லை.

கிழக்கே மேகமலை ரோட்டில் ஏறிப் பிறை பார்க்கப்போகிறோம் என்றேன். மாமியார் கஞ்சிச் சட்டியில் இருந்து தலையைத் தூக்கினார்.

"பெற மேக்க தெரியும். நீ கெழக்க போறேங்குற. நல்லாருக்குத்தா ஒன் கணக்கு."

தம்பி சிரித்துவிட்டான். நானும் அவனும் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டோம். வீட்டுக்காரர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு மேற்கே ஆற்றங்கரைக்குப் போகிற கூட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஊரெல்லாம் ஒரு பக்கம் போகும்போது தான் மட்டும் எதிர்ப்பக்கம் போவது அவருக்குச் சங்கடம். கடைசியில், போய்ப் பார்த்தால்தானே தெரியும் என்று சொல்லி வண்டியைக் கிளப்பினார். அவருடைய குணம் அன்றைக்கு எனக்கு உதவியது.

வழியெல்லாம் தட்டான்கள். காற்றில் மிதந்து மிதந்து ஆயிரக்கணக்கில் ரோட்டுக்கு மேலே நின்றன. அடிவாரம் தாண்டியதும் ஒரு மலை அணில், பூனை அளவுக்கு, கருஞ்சிவப்பு முதுகும் நீள வாலுமாகக் கிளைவிட்டுக் கிளை பாய்ந்தது. நானும் தம்பியும் ஒரே நேரத்தில் கைநீட்டினோம். "எங்க?" என்றார் வண்டி ஓட்டியவர். ரோட்டைப் பாருங்கள் என்று இரண்டுபேரும் சேர்ந்து கத்தினோம்.

அந்த வளைவில் வண்டியை நிறுத்தியபோது பள்ளத்தாக்கு முழுவதும் கீழே விரிந்து கிடந்தது. வயல், தோப்பு, ஆறு, நடுவில் எங்கள் ஊர். சூரியன் மேகத்துக்குள் சிவப்பாக அமுங்கியது. கீழே பள்ளிவாசல் மினாராவில் பல்பு எரிந்தது. நோன்பு திறந்துவிட்டார்கள். நாங்களும் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு, தூக்குவாளிக் கஞ்சியை ஆளுக்கு இரண்டு மடக்குக் குடித்தோம். அவர்கள் இருவரும் ரோட்டோரத்தில் துண்டை விரித்து மஃரிபு தொழுதார்கள். நான் ஜீப்பின் பின்னால் தொழுதேன். ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்த கையோடு எழுந்து ரோட்டின் விளிம்புக்கு ஓடினேன்.

மேகத்துக்கு மேலே வெள்ளி பளிச்சென்று இருந்தது. அதன் கீழே வலப்பக்கமாகத் தேடினேன். பழந்தின்னி வவ்வால்கள் கீழேயிருந்து கூட்டமாகக் கிளம்பி எங்கள் கண்ணுக்கு நேரே திராட்சைத் தோட்டங்களை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. மலை உச்சியில் மேகம். அதற்கு மேலே ஒரு கிழிசல், மங்கிய மஞ்சள் நிறத்தில். அதற்குள், வெட்டி எறிந்த நகம் போல, மெலிசாக, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி, அது இருந்தது.

"அந்தா!" என்று நான் போட்ட சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்தது.

தம்பி என் விரல் போன வழியே பார்த்தான். அடுத்த நொடி அவனும் கத்தினான். இரண்டுபேரும் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப்பிள்ளைகள் போலக் குதித்தோம். பின்னாலிருந்து குரல் வந்தது.

"எங்க?"

எங்கள் குதியாட்டம் நின்றுபோனது. ஊரில் சாட்சி சொல்ல இரண்டு ஆண்கள் வேண்டும். மேலே இருந்த ஆண்கள் மொத்தமே இரண்டுபேர். அதில் ஒருவர் இவர்.

நான் அவருடைய தோளைப் பிடித்துத் திருப்பினேன். "வெள்ளியப் புடிங்க. அங்கேருந்து சோத்தாங்கைப் பக்கமாக் கீழ எறங்குங்க. மேகத்துல கிழிசல் தெரியுதா?"

அவர் தேடினார். அந்த நேரம் பார்த்து ஒரு சாரல் வந்து கண்ணாடியில் அடித்தது. நான் பிடுங்கி முந்தானையால் துடைத்தேன், முந்தானையில் கஞ்சி. இன்னும் மோசமாகியது. தம்பி பயணத்துக்கென்று வாங்கிப் போட்டிருந்த புதுச்சட்டையின் நுனியை இழுத்து அதில் துடைத்துக் கொடுத்தான். மேகம் நகர்ந்து கிழிசலை மூடியது. பிறை மலைக்கு மேலே இன்னும் கொஞ்சம்தான் இருந்தது.

தம்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "மச்சான், நாங்க ரெண்டுபேரும் பாத்துட்டோம். பாத்தேன்னு சொல்லிருங்க மச்சான்."

"பாக்காம எப்புடி மாப்ளே சொல்றது?" என்றார் அவர். அவர் குரல் உடைந்திருந்தது. அவருக்கும் எங்கள் அளவுக்கு ஆசை இருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எத்தனையோ தடவை அவர் "எங்க?" என்று கேட்டபோதெல்லாம் கோபப்பட்டேன். நான் காட்டுவதைப் பார்க்கவேண்டும் என்று அந்த மனிதர் ஒவ்வொரு தடவையும் படியேறி வந்திருக்கிறார் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

காற்று ஒரு தள்ளு தள்ளியது. மேகம் விலகியது. கிழிசல் கொஞ்சம் தள்ளி மறுபடி திறந்தது. அவர் வெள்ளியில் தொடங்கி, படி இறங்குகிறவர் போல மெல்ல மெல்லத் தலையைத் தாழ்த்திக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் தலை நின்றது.

"கொம்பு ரெண்டும் மேல பாத்து இருக்கு," என்றார் மெதுவாக. "லேசா எடப்பக்கமாச் சாஞ்சிருக்கு."

அப்படித்தான் இருந்தது. நாங்கள் அவரிடம் கொம்பைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி போட்டுப் பார்த்தார், இன்னும் இருக்கிறது என்றார். நானும் தம்பியும் அவரை இரண்டு பக்கமும் பிடித்து உலுக்கிவிட்டோம். பிறை மலை மேகத்துக்குள் இறங்குகிறவரை அவர் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அந்த ரோட்டில் ஜீப் அப்படி இறங்கியதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பள்ளிவாசலுக்கு வெளியே கூட்டம் சோர்ந்து நின்றது. ஆற்றங்கரைக்குப் போனவர்களுக்கு மேகத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. முப்பதாம் நோன்புக்கு விடியுமுன் சாப்பிடும் சஹர் சோறு சமைக்க வீட்டில் சொல்லக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நான் ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்தேன். உள்ளே நடந்ததைத் தம்பி பிறகு சொன்னான். கிழக்கே போய்ப் பார்த்ததாகச் சொன்னதும் இரண்டுபேர் சிரித்துவிட்டார்களாம். ஹஜ்ரத் சிரிக்கவில்லை. இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, கொம்பு எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று கேட்டிருக்கிறார். இரண்டு பதிலும் ஒன்றாக இருந்தன. அப்போதும் கூட்டத்தில் ஒருவர், இந்த மேகத்தில் எப்படித் தெரியும் என்று இழுத்தாராம்.

"இவுக பாத்தேன்னு சொன்னா பாத்ததுதான். கைல தொடாமச் சக்கரையவே நம்பாத ஆளு," என்றாராம் ஹஜ்ரத். "நகராவ அடிங்க."

பள்ளிவாசல் நகரா முழங்கியதும் பஜாரே எழுந்து நின்றது. அடைத்த கடைகளைத் திறந்தார்கள், கறிக்கடையில் வரிசை நின்றது, தெருப் பிள்ளைகள் ஜீப்பைச் சுற்றி ஓடினார்கள். வீட்டுக்குப் போனதும் மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தேங்காயை எடுத்து என் பக்கம் உருட்டிவிட்டார். வட்டிலாப்பத்துக்கு.

மறுநாள் தொழுகை முடிந்து மூவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். கடைசியில் தம்பி தன் கிண்ணத்தை அப்படியே என் முன்னால் தள்ளினான். நீதான் முதலில் கத்தினாய், நான் தோற்றவன் என்றான். எங்களுடைய பழைய போட்டியை வீட்டுக்காரருக்குச் சொல்லிக்கொண்டே, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் தின்று தீர்த்தேன். மதியம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்து, அந்தக் கிண்ணத்தைக் கழுவாமல் வைத்துக்கொண்டு நெடுநேரம் அழுதேன்.

அடுத்த வருஷம் இருபத்தொன்பதாம் நோன்பன்று கடைக்குத் துபாயிலிருந்து போன் வந்தது. தம்பிதான். அங்கே நேற்றே பிறை பார்த்துவிட்டோம், இன்றைக்கு எங்களுக்குப் பெருநாள், தோற்றுப்போனாய் அக்கா என்று சிரித்தான். லைன் கரகரவென்று இருந்தது. நானும் சிரித்தேன். ரிசீவரை வைத்ததும் எதுவும் பிடிக்கவில்லை. இனி எல்லா வருஷமும் அவனுக்குத்தான் முதல் பிறை. யாரோடு நான் போட்டி போடுவது? அன்று மாலை மேலே போகவேண்டாம் என்றுகூடச் சொன்னேன். வீட்டுக்காரர் கேட்கவில்லை. ஜீப்பைக் கிளப்பிக்கொண்டு வாசலில் நின்றார்.

போன வருஷத்துச் செய்தி பரவி, எங்களுக்குப் பின்னால் இன்னும் இரண்டு ஜீப் நிறையக் கிழக்கே ஆள் வந்தது. அந்த வருஷம் வழிகாட்ட வெள்ளியும் இல்லை. மேகம் வழிந்துகொண்டிருந்தது, வவ்வால்கள் போய்க்கொண்டிருந்தன. நான் மனசில்லாமல் எங்கோ பார்த்துக்கொண்டு நின்றேன். யார் கண்ணிலும் பிறை படவில்லை. அப்போது என் பக்கத்தில், தொண்டையைச் செருமிக்கொண்டு, கொஞ்சம் வெட்கத்தோடு ஒரு குரல் கேட்டது.

"அந்தா."

வீட்டுக்காரர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் விரல் போன வழியே தேடினேன், கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி தேடினேன்.

"எங்க?" என்று கேட்டேன்.

அவர் என் தோளைப் பிடித்துத் திருப்பி, பொறுமையாகக் காட்டினார். மறுநாள் காலையில் என் பங்கு வட்டிலாப்பத்தை அவர் முன்னால் தள்ளினேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.